மரம் நடலாம், மழைக்காட்டை நட முடியுமா?

(எங்கள் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் நம் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.)

 

"சார், ஏதாவது ஆன்மிக விஷயமாகப் பேசுங்கள்" என்று நம் காரியதரிசி கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சர்க்கார் கோப்புகளும், காலேஜில் படித்த கொஞ்சம் ரசாயனமும்தான். ஆகவே மழைக்காடுகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காடு நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. வேதத்தின் ஒரு பகுதிக்கே ஆரண்யகம் என்று பெயர். ராமாயணத்தில் ஒரு காண்டமே ஆரண்ய காண்டம்.

முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்க வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று ஆயிற்று. அதற்குச் சில வருஷங்கள் கழித்து, அப்படிப்பட்ட கோப்புகளைப் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. மேற்கு மலைத்தொடரில் ஒரு சாலைக்காக மழைக்காட்டில் ஒரு துண்டு தேவைப்பட்டது. "வெட்டப்படும் பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்பில் கன்றுகள் நடப்படும். எனவே வனத்துக்கு நிகர நஷ்டம் ஏதுமில்லை" என்று குறிப்பு எழுதினேன். ரசாயனச் சமன்பாடு மாதிரி இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. மேலதிகாரி பாராட்டினார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து குடும்பத்தோடு அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கன்று நட்ட இடத்தைப் பெருமையாகக் காட்டலாம் என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். மரங்கள் இருந்தன. தைலமரங்கள், வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில். கீழே காய்ந்த சருகு. ஒரு பட்சி சத்தம் கிடையாது. என் மனைவிக்குப் பாலக்காடு பக்கம் பூர்வீகம். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "இதையா காடுன்னு எழுதினேள்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை. படித்ததில் முக்கியமான இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, மழைக்காட்டின் மண். இவ்வளவு பசுமையாக வளர்கிறதே, மண் வளமானதாக இருக்கும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. சத்தின் பெரும்பகுதி உயிரோடு நிற்கும் மரங்களிலேயே இருக்கிறது. உதிரும் இலை சீக்கிரமே மக்கி, பூஞ்சைகளின் உதவியால் அப்படியே வேருக்குத் திரும்புகிறது. நம் வீட்டுச் செலவு மாதிரி, வருவதும் போவதும் கைக்குக் கை. பெட்டியில் சேமிப்பு குறைவு. மரங்களை வெட்டி எடுத்துப் போனால் மூலதனமே போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் மேல்மண்ணை இரண்டு மழைக்காலம் அடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, பரஸ்பர உதவி. வெடிப்பலா என்று ஒரு பெரிய மரம். மற்ற பழங்கள் கிடைக்காத நாட்களிலும் இதன் பூவும் காயும் சிங்கவால் குரங்குக்கு ஆகாரம். அந்தக் குரங்கு உலகத்திலேயே மேற்கு மலைத்தொடரில் மட்டும்தான் உண்டு; பெரும்பாலும் உயரக் கிளைகளிலேயே காலம் கழிப்பது. அதே மாதிரி, பெரிய விதையுள்ள பழ மரங்கள் பலவற்றுக்கு இருவாச்சிப் பறவைதான் விதை தூவும் விவசாயி. அந்தப் பறவை கூடு வைக்க வயதான பெருமரத்தில் பொந்து வேண்டும். பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் முதிர எத்தனை தலைமுறை ஆகும்? எந்த இலாகாவும் அதை பட்ஜெட்டில் சேர்க்க முடியாது.

நாட்டில் இந்த வாதம் பெரிதாக எழுந்த இடம் நம்மில் பலருடைய பூர்வீகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாலக்காடு ஜில்லாவில் உள்ள சைலன்ட் வேலியைச் சொல்கிறேன். உள்ளூர்ப் பெயர் சைரந்திரி வனம். விராடன் அரண்மனையில் திரௌபதி வைத்துக்கொண்ட பெயர் அது. அதில் ஓடும் நதிக்குப் பெயர் குந்தி. அது தூதப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையில் கலக்கிறது.

குந்திப் புழையில் அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்தது. மலபார் பகுதிக்கு அப்போது மின்சாரம் உண்மையாகவே தேவைப்பட்டது. ஆகவே திட்டம் போட்டவர்களை வில்லன்களாக நினைக்க வேண்டாம். நீரில் மூழ்கும் காடு சுமார் 8.3 சதுர கிலோமீட்டர். "இவ்வளவு பெரிய மலைத்தொடரில் இது ஒரு மூலை" என்று அன்று நானும் சொல்லியிருப்பேன்.

கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மின்சாரத்துக்கு வேறு வழி உண்டு, இந்தக் காட்டுக்கு வேறு காடு இல்லை என்றார்கள். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் அதையே பாட்டில் சொன்னார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி குரல் கொடுத்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், அப்போது மத்திய விவசாயச் செயலர், நேரில் பார்த்துவிட்டுக் காட்டைக் காப்பாற்றச் சொன்னார். பிறகு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் 89.52 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். இன்றும் குந்தி தடையில்லாமல் அந்தக் காட்டின் வழியாக ஓடுகிறது.

கதை சுபமாக முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அதே கேள்வி இப்போது வேறு இடத்தில் எழுந்திருக்கிறது. நம் தேசத்தின் தென்கோடி கிரேட் நிக்கோபார் தீவு. துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் அடங்கிய பெருந்திட்டத்துக்காக அங்கே 130.75 சதுர கிலோமீட்டர் காட்டைக் கொடுக்க 2022-ல் கொள்கை அளவில் அனுமதி தரப்பட்டது. சைலன்ட் வேலியில் மூழ்க இருந்ததைப் போல ஏறக்குறைய பதினாறு மடங்கு. தேசப் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் இது அவசியம் என்பது அரசின் வாதம். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கப்பல் பாதையில் அந்தத் தீவு இருக்கும் இடம் அப்படி. ஆனால் அங்கே ஷோம்பென் என்ற ஆதிகுடிகள் வாழ்கிறார்கள். கலத்தியா விரிகுடாக் கரையில் பெரிய தோணி ஆமைகள் முட்டையிட வருகின்றன.

வெட்டப்படும் அந்தக் காட்டுக்கு ஈடாக எங்கே மரம் வளர்க்கத் திட்டமிட்டார்கள் தெரியுமா? ஹரியானாவில். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வறண்ட பூமியில். ஹரியானாவில் மரம் வளரட்டும், மிக நல்ல காரியம். அங்கே அது தேவையும்கூட. ஆனால் அதைப் படித்தபோது என் பழைய குறிப்பின் வாசகம்தான் கண் முன் வந்தது. "நிகர நஷ்டம் ஏதுமில்லை." பாலைத் தயிராக்கலாம், தயிரைப் பாலாக்க முடியாது. ரசாயனம் படித்த நான் அன்றே எழுதியிருக்க வேண்டியது இதுதான்.

அழிந்த காட்டை மீட்கவே முடியாதா என்றால், ஓரளவு முடியும். வால்பாறை மேட்டில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிதைந்து கிடக்கும் காட்டுத் துண்டுகளில், இருபது வருஷங்களுக்கு மேலாக சில விஞ்ஞானிகள் அந்த மண்ணுக்கே உரிய மரவகைகளை நட்டு வளர்த்து வருகிறார்கள். பலனும் தெரிகிறது. ஆனால் பக்கத்தில் மூலக்காடு மிச்சம் இருப்பதால்தான் விதையும் பட்சியும் அங்கே வருகின்றன. மூலக்காடே போய்விட்டால் உறைமோர் இல்லாத வீடு மாதிரிதான்.

சரி, ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும்? சஷ்டியப்தபூர்த்திக்கும் பேரன் பிறந்தநாளுக்கும் கன்று நடுகிறோம், தொடர்ந்து நடுங்கள். அதோடு இன்னொரு காரியமும் செய்யுங்கள். 2006-ம் வருஷச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பல பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது முப்பது நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். திட்டத்தில் அக்கறை உள்ளவர்கள் எழுத்து மூலமாகவும் கருத்துச் சொல்லலாம். நம்மில் எத்தனை பேர் கோப்பு எழுதியே வாழ்நாளைக் கழித்தவர்கள்! உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் முழுவதும் படியுங்கள். "ஈடு செய்யப்படும்" என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று பாருங்கள். எதற்கு எது ஈடு, எந்த மரம், எந்த மண், எத்தனை வருஷம் என்று நாலு வரி எழுதிக் கேளுங்கள்.

நான் குறிப்பு எழுதிய நாளில் அப்படி ஒரு கடிதம் என் மேஜைக்கு வந்திருந்தால், ஒருவேளை அந்த ஒரு வரியையாவது மாற்றி எழுதியிருப்பேன்.