உரைகல்லுக்கும் ஓர் உரைகல்

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். அவ்வுரைகல்லே பொய்த்தால் யாது செய்வது? கணிப்பொறி நிரல்களின் பிழையை ஆராயும் கருவிக்கும் இக்கேள்வி பொருந்தும்.

1986இல் ரிச்சர்டு ஸ்டால்மன் இயற்றிய ஜிடிபி என்னும் கருவி, நாம் குறித்த வரியில் நிரலை நிறுத்தித் தரும். இன்டெல் வகைப் பொறிகளில், அவ்விடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 204 என்னும் நிறுத்த எண்ணை அங்கே பதிக்கிறது. நின்றபின் பழையதை மீட்டு வைக்கிறது. இதில் சிறிது வழுவினும், குற்றமற்ற நிரல் குற்றமுடையதாய்த் தோன்றும்.

ஆதலின் டெஜாக்னு என்னும் சோதனையமைப்பு, மனிதன் விசைப்பலகையில் தட்டுவதுபோல் கட்டளைகளைத் தானே விடுத்து, வரும் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடுகிறது. கருவியைத் திருத்துந்தோறும் இச்சோதனையை மீண்டும் நடத்துதல் வேண்டும். நேற்று நின்ற இடத்தில் இன்றும் நிற்கிறதா என்று கேட்பதன்றோ, நேயர்களே, நம்பிக்கைக்கு அடிப்படை!