சுவரொட்டியின் ஒட்டுவாய்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழா அரங்கில் ஆற்றிய உரை)



நம் வட்டத்தின் திறனாய்வு அரங்குகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. ஒரு கவிதை பிடிக்கவில்லையென்றால், "இது வெறும் சுவரொட்டி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உரக்கப் பேசுகிறது, விரைவில் கிழிந்துபோகிறது, செய்நேர்த்தி இல்லாதது என்னும் மூன்று குற்றச்சாட்டுகள் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றன. முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. மூன்றாவதைத்தான் மறுக்கிறேன். அச்சுத் தொழிலோடு எனக்குள்ள நெடுநாள் பழக்கத்தை எண்ணி இத்தலைப்பைத் தந்த அமைப்பாளர்கள், நான் வண்ணங்களைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்தது ஒட்டுவாயைப் பற்றி. ஒரு தாள் மற்றொரு தாளோடு சேரும் இடத்தைப் பற்றி.

பெரிய சுவரொட்டி எதுவும் ஒரே தாளில் அச்சாவதில்லை. அச்சு எந்திரம் கொள்ளும் தாளுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே படத்தைப் பல தாள்களாகப் பகுத்து அச்சிட்டு, சுவரில் மீண்டும் சேர்க்கிறார்கள். 'ஆறு ஷீட்', 'இருபத்து நான்கு ஷீட்' என்னும் பெயர்கள் இப்படி வந்தவை. இங்கிலாந்தில் இக்கணக்குக்கு அடிப்படை 'டபுள் கிரவுன்' தாள். அகலம் 20 அங்குலம், உயரம் 30 அங்குலம். இந்தத் தாள் உங்களுக்கும் அந்நியமானதன்று. நம் கவிதைத் தொகுதிகள் பல 'கிரவுன் எட்டில் ஒன்று' அளவில் வருகின்றன அல்லவா? ஒரு டபுள் கிரவுன் தாளை மடித்து வெட்டினால் அவ்வளவில் 16 இதழ்கள், அதாவது 32 பக்கங்கள் கிடைக்கும். அங்கே '48 ஷீட்' எனப்படும் விளம்பரப் பலகை 20 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்டது. 12 தாள் குறுக்காகவும் 4 தாள் நெடுக்காகவும் வைத்தால் கணக்குச் சரியாக வரும். அதற்குச் செலவாகும் தாளில் 1,536 பக்கக் கவிதை அச்சிடலாம். எந்திரங்கள் பெரியவை ஆனபின், 48 தாள்கள் வேண்டிய இடத்தில் 12 பெரிய தாள்களே போதுமென்றாயிற்று. பெயர் மட்டும் பழைய கணக்கில் நின்றுவிட்டது.

கல்லச்சுக் காலத்தில் ஓவியர் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் கல்லில், இடவலம் மாற்றி வரைந்தார். முழுப் படம் முழு உருவில் முதன்முதலாகச் சேர்வது பெரும்பாலும் சுவரில்தான். ஆப்செட் வந்தபின்னும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. தாள்கள் வேறு வேறு ஓட்டங்களில் அச்சாகின்றன. ஒரு கன்னம் காலையில் அச்சாகிறது. மறு கன்னம் மாலையில். மையின் அளவு இம்மி மாறினாலும் கதாநாயகனின் ஒரு கன்னம் வெயிலிலும் மறு கன்னம் நிழலிலும் இருப்பதுபோல் தெரியும். தேர்ந்த அச்சகத்தார் முகத்தை வெட்ட நேர்ந்தால் கண்ணையும் உதட்டையும் விலக்கி, கழுத்திலோ தலைமுடியிலோ ஒட்டுவாய் விழும்படி பகுப்பார்கள். அதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. ஒரு தாளின் விளிம்பில் முடியும் படத்துணுக்கை அடுத்த தாளின் தொடக்கத்தில் இன்னொரு முறை அச்சிடுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாவதற்கு நம்மிடம் அந்தாதி என்று பெயர். அச்சகத்தில் அதை 'ஓவர்லாப்' என்கிறார்கள்.

சேர்த்தது பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றைச் சொல்லலாம். பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லொத்ரெக் 1891ஆம் ஆண்டு பாரிசின் மூலான் ரூழ் நடன அரங்குக்காக வரைந்த சுவரொட்டி மூன்று தாள்களால் ஆனது. இரண்டு பெரியவை, உச்சியில் வரும் ஒன்று குறுகிய பட்டை. அரங்கின் பெயர் மேலிருந்து கீழாக மும்முறை அடுக்கப்பட்டிருப்பது அதன் அழகுகளில் ஒன்று. அந்த உச்சிப் பட்டை இல்லாத படிகளும் இன்று உள்ளன. அவற்றைப் பார்ப்பவர் ஏதோ குறைகிறது என்றுகூட எண்ணமாட்டார். தலை போன பின்னும் படம் படமாகத்தான் நிற்கிறது. ஆனால் ஓவியர் அமைத்த அடுக்கு அதில் இல்லை.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் எழுத்து இடமும் வலமும் மேலும் கீழுமாகப் பரந்து நிற்பது. 'கொ' என்னும் ஓரெழுத்தின் கொம்பு ஒரு தாளிலும், ககரமும் காலும் அடுத்த தாளிலும் விழுமானால், இடையே சிறிது விலகல் ஏற்பட்டாலும் ஓரெழுத்து இரண்டாகப் பிளந்து நிற்கும். இதனினும் இடர் மிகுந்தது புள்ளி. மேல் தாள் கீழ்த் தாளின்மேல் ஏறி ஒட்டுகிறது. சிறிய எழுத்து வரியொன்று கீழ்த் தாளின் உச்சியை ஒட்டி அமைந்திருந்து, மேல் தாள் அரை அங்குலம் இறங்கிவிட்டால் புள்ளி அதனடியில் மறைந்துவிடும். 'கல்வி' என்னும் சொல்லில் புள்ளி மறைந்தால் என்ன ஆகும் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிழை திருத்துபவர் அச்சகத்தில் எத்தனை முறை படித்திருந்தாலும் இந்தப் பிழையைக் கண்டிருக்க முடியாது. அது தாளில் இல்லை, சுவரில் பிறக்கிறது.

இனி, சுவருக்கு வருவோம். முதலில் பசை. மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பின் அடுப்பிலேற்றிக் கிளறிக் காய்ச்சுகிறார்கள். கெட்டியாக இருந்தால் தாளுக்கடியில் புடைப்பு நிற்கும். நீர்த்திருந்தால் தாள் வழுக்கி இறங்கும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. பசையின் சுவைக்காகச் சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் மாட்டுக்கும் நஞ்சு, நாள்தோறும் அதில் கைவைப்பவர்க்கும் தீங்கு. சுவரின் குணம் அடுத்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் பார்ப்பதற்கு நன்றாயிருக்கும், ஒட்டுவதற்கு உதவாது. பசை அங்கே சுவரைப் பற்றுவதில்லை, சுண்ணாம்பைத்தான் பற்றுகிறது. தாள் காய்ந்து இழுக்கும்போது சுண்ணாம்பும் கூடவே உரிந்து வந்துவிடும். உறுதியாக ஒட்டியுள்ள பழைய சுவரொட்டியின்மேல் ஒட்டுவதே மேல் என்பார்கள். ஆனால் பழைய படம் புதியதன் ஊடே தெரியாதிருக்க வேண்டும். அதற்காகவே மேனாட்டில் பின்பக்கம் நீலச் சாயல் ஏற்றிய தனித் தாளைப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்துச் சொல்வதைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். தாள் உயிரற்ற பொருளன்று என்றே சொல்லத் தோன்றுகிறது. நனைந்தால் விரிகிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அன்று. தாளின் நார்கள் ஓடும் திசையில் குறைவாகவும், அதற்குக் குறுக்கே மிகுதியாகவும் விரியும். நூற்றுக்கு ஒன்று விரிவதாக வைத்துக்கொண்டாலும் 40 அங்குலத் தாள் ஏறத்தாழ மூன்று நூல் அகன்றுவிடும். (தச்சரும் கொத்தரும் அங்குலத்தை எட்டாகப் பகுத்து அதில் ஒன்றை 'நூல்' என்பர்.) ஒரு தாளை நன்றாக ஊறவைத்தும் அடுத்ததைப் பாதி உலர்ந்த நிலையிலும் ஒட்டினால், சுவரில் வைக்கும்போது பொருந்திய புருவம் காய்ந்தபின் பொருந்தாது. அதனால்தான் பெரிய பலகைகளுக்குரிய தாள்களை ஒட்டும் வரிசைப்படி மடித்து, முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்துவிடுகிறார்கள். விரிய வேண்டியதெல்லாம் விரிந்து முடிந்த பிறகே தாள் சுவரேறுகிறது. பின்னர் அது உலர்ந்து சுருங்கும்போது பறைத்தோல்போல் இழுத்து நிற்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது முதல் தாள். ஐந்தடி உயரத் தாள் ஒன்று உச்சியில் இரண்டு நூல் சாய்ந்து நின்றால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அடுத்த தாள் அதன் விளிம்பைப் பார்த்து நிற்கிறது. அதற்கடுத்தது இதனைப் பார்க்கிறது. 20 அடி அகலம் முடியும்போது வரிசை ஓர் அங்குலம் ஏறியோ இறங்கியோ போய்விடும். இடையில் எந்த ஒட்டுவாயிலும் பிழை இருக்காது. ஒவ்வொரு தாளும் தன் அயல் தாளோடு ஒழுங்காகவே சேர்ந்திருக்கும். முழுமை மட்டும் சாய்ந்திருக்கும். நீண்ட கவிதை எழுதுவோர் இந்த விபத்தை அறிவீர்கள். மதிலின் விளிம்பைத் துணைகொண்டு தப்பவும் முடியாது. தெரு சரிந்தால் மதிலும் உடன் சரியும். ஆதலின் குண்டுநூல் விட்டு நேர் பார்க்க வேண்டும். நீலம் தோய்த்த கயிற்றைச் சுண்டிக் கோடு போட வேண்டும். மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூல்போல மனத்தின் கோணலைத் தீர்ப்பதே நூலின் மாண்பு என்று நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் சொல்கிறார். அந்த உவமை ஏட்டிலிருந்து வந்ததன்று, தச்சனின் கையிலிருந்து வந்தது என்பதைக் குண்டுநூல் தொங்கும்போது உணரலாம்.

ஒட்டும் வரிசைக்கும் காரணம் உண்டு. ஓடு வேய்பவர் இறவாணத்தில் தொடங்கி மேலே போவதுபோல, கீழ் வரிசையை முதலில் ஒட்டி, மேல் வரிசையை அதன்மேல் சிறிது ஏற்றுவது முறை. மழைநீர் அப்போது ஒட்டுவாயைத் தாண்டி வழிந்துவிடும். மாற்றி ஒட்டினால் நீர் உள்ளே இறங்கி, ஒரே மழையில் விளிம்பு நாக்குப்போல் தொங்கும். தூரிகையை நடுவிலிருந்து ஓரங்களுக்கு ஓட்டிக் காற்றை வெளியேற்றி, மேலேயும் ஒரு கை பசை பூசினால் வேலை முடிந்தது. நம் யாப்பில் நின்ற சீரின் ஈற்றையும் வரும் சீரின் முதலையும் கட்டுவதைத் தளை என்கிறோம். ஏணியில் நிற்பவர் இச்சொல்லை அறியார். கட்டினால்தான் நிற்கும் என்பதை அறிவார்.

அவர் யார்? தமிழகத்தில் திரைப்படங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வெளியாவதால் வியாழன் இரவு அவருக்கு உறக்கமில்லை. பகல் வெயிலில் பசை உடனே உலர்ந்துவிடும். தாளை நகர்த்திப் பொருத்த இடந்தராது. நெரிசலும் தடை. ஆகவே இரவு. ஏணியில் நிற்பவர்க்கு முகத்துக்கு நேரே ஒரு முழம் வண்ணப் பரப்பு மட்டுமே தெரியும். அது மூக்கா முழங்கையா என்றுகூடத் தெரியாது. சாலையின் எதிர்ப்புறம் நின்று "கொஞ்சம் ஏத்து, வலது பக்கம் தள்ளு" என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். ஓவியரும் அச்சகத்தாரும் பகுத்துவிட்டுப் போனதை முழுமையாக்குபவர்கள் இந்த இருவர். சுவரொட்டியின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. தேர்தல் சுவரொட்டியானால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களையும் முகவரிகளையும் அச்சிட வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. ஒட்டியவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் 1959ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் உள்ள, திறந்தவெளிகளின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டத்தின்படி காவலரிடம் முதலில் அகப்படக்கூடியவர் அவரே. ஏணியோடும் வாளியோடும் நிற்பவர் ஓடி ஒளிய முடியாது.

பிளெக்ஸ் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பார் உண்டு. 2000க்குப் பின் அது நம் தெருக்களை நிறைத்தது உண்மை. சுமார் பத்தடி அகலம் ஒரே வீச்சில் அச்சாகிறது. அதற்கு மேற்பட்டால் அங்கும் ஒட்டுவாய் வரத்தான் செய்கிறது, சூடேற்றி ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் உள்ள குறை அழகு பற்றியதன்று. தாள் சுவரோடு ஒன்றிவிடுகிறது. தன் பாரத்தைச் சுவரிடம் கொடுத்துவிடுகிறது. பிளெக்ஸ் தட்டி கப்பற்பாய்போல் காற்றை வாங்கிக்கொண்டு கட்டுக் கயிற்றை நம்பி நிற்கிறது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த தட்டி ஒன்று, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண்மேல் விழுந்தது. கீழே விழுந்தவர்மேல் பின்னால் வந்த லாரி ஏறி அவர் உயிரிழந்தார். சுவரொட்டி கிழிந்து தொங்கியிருக்கிறது, மாட்டின் வயிற்றுக்குப் போயிருக்கிறது. இப்படி ஒருவர்மேல் விழுந்ததில்லை.

நிறைவாக, விழாக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு விழாவுக்கு நாம் ஒட்டியது ஒற்றைத் தாள். அடுத்த ஆண்டு ஆறு தாள் சுவரொட்டி போடலாம் என்று ஒரு பேச்சு நடக்கிறது. அதில் உறுப்பினர் ஒருவரின் கவிதையை முழுமையாக இட வேண்டும் என்றும் கேட்டேன். நல்லதே. அப்படியானால் வரிகளை அமைக்கும்போதே ஒட்டுவாய் எங்கே வருகிறது என்று அச்சகத்தாரைக் கேட்டு, அந்த இடத்தில் புள்ளியோ கொம்போ விழாமல் கவிஞரே பார்த்துக்கொள்ள வேண்டும். தேவையானால் ஒரு சொல்லை மாற்றட்டும். ஒட்டும் நாளன்று நம்மில் ஒருவர் சாலையின் எதிர்ப்புறம் போய் நிற்க வேண்டும். அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், ஒட்டுபவர்கள் இசைந்தால், அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். கூடுதல் செலவு ஒன்றுமில்லை; ஒரு வரி இடம் போதும். அடுத்த செயற்குழுவில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டி அமைகிறேன்.