உறங்கும் நாயின் குரல்: ஒலிமரபும் மெய்ப்பாடும்



நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி இவ்வுரையைத் தொடங்குகிறேன். மொழியியல் பயிலச் செல்வதற்கு முன், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில காலம் கற்பித்தேன். ‘எங்கள் வீட்டு நாய்’ என்னும் கட்டுரையில் ஒரு மாணவன், லயத்து வாசலில் படுத்திருந்த தன் நாய் தூக்கத்தில் காலை உதறி முனகியது என்று எழுதியிருந்தான். ‘முனகியது’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ‘குரைத்தது’ என்று மேலே எழுதினேன். நாய் குரைக்கும், நரி ஊளையிடும், யானை பிளிறும் என்பதன்றோ நாம் கற்பிக்கும் ஒலிமரபு? அவன் ஏட்டைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: “அது குரைக்கலைங்க ஐயா. வாய் மூடித்தான் இருந்துச்சு.” நான் அதைக் காதில் வாங்கவில்லை. மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

அவன் கண்டது எவ்வளவு சரியானது என்பதை உணர எனக்குப் பல்லாண்டுகள் ஆயின.

நாய் உறக்கத்தில் ஒலி எழுப்புவதை மனிதர் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நாய்கள் கனவு காண்பதற்கு அவை உறக்கத்தில் குரைப்பதையே சான்றாகக் காட்டினார். 1871இல் சார்லஸ் டார்வினும் விலங்குகளின் உறக்க அசைவுகளையும் ஒலிகளையும் கொண்டு அதே கருத்தைச் சொன்னார். ஆனால் உறங்கும் உடலுக்குள் நிகழ்வதை ஆராயும் வழி இருபதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசரின்ஸ்கியும் கிளைட்மனும், மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலையை விளக்கினர். அந்நிலையில் எழுப்பப்பட்ட மனிதர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறினர்.

அடுத்து, பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளை ஆராய்ந்தார். விரைவிழி உறக்கத்தின்போது மூளை விழித்திருப்பதைப் போலவே இயங்க, உடல் தசைகள் தளர்ந்து கிடப்பதைக் கண்டார். மூளைத்தண்டின் ஒரு பகுதி தசைகளுக்குச் செல்லும் ஆணைகளைத் தடுத்து நிறுத்துகிறது. அப்பகுதி சேதமுற்ற பூனைகள், உறக்கம் கலையாமலே எழுந்து, பதுங்கிப் பாய்ந்து, இல்லாத இரையைத் தாக்கின. ஆகவே இயல்பான உறக்கத்தில் நாம் காணும் காலுதறலும் மீசைத் துடிப்பும், அத்தடையை மீறிக் கசிந்து வரும் சிறு அசைவுகளே.

இனி அம்மாணவனின் சொல்லுக்கு வருவோம். குரைக்க வேண்டுமாயின் தாடை திறக்க வேண்டும்; மூச்சுக்காற்று விசையோடு வெளிப்பட வேண்டும். உறங்கும் நாயின் தாடைத் தசை தளர்ந்திருக்கிறது, வாய் பெரும்பாலும் திறப்பதில்லை. எனவே குரல் மூக்கின் வழியே, தேய்ந்து, துண்டு துண்டாக வருகிறது. இதழ் மூடியிருக்க மூக்கின் வழி காற்று வெளிப்படுவதால்தான் நமக்கு ‘ம்’ என்னும் மெல்லினம் பிறக்கிறது. எழுத்துகளின் பிறப்புக்கு இதழையும் மூக்கையும் எண்ணிக் காட்டிய தொல்காப்பியத்தைக் கற்பித்த நானே, ‘வாய் மூடியிருந்தது’ என்ற ஒலியியல் சான்றைத் தள்ளிவிட்டேன்.

ஒலிமரபு அவ்விலங்கிற்கே உரிய சிறப்பொலியைக் குறிக்கிறது. அதனை நாம் கற்பிக்கத்தான் வேண்டும். ஆயினும் ஒரு விலங்கின் எல்லா ஒலிகளையும் அது ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடுவதில்லை. நாய் குரைக்கும், சினந்தால் உறுமும், நள்ளிரவில் ஊளையிடும், பசித்தால் சிணுங்கும், உறக்கத்தில் முனகும். இவை அனைத்தும் நம் வீடுகளில் வழங்கும் நல்ல தமிழ்ச் சொற்களே.

சரி, முனகும் நாய் கனவு காண்கிறதா? இங்கும் தமிழ் நமக்கு வழிகாட்டுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் துஞ்சல், அரற்று, கனவு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து எண்ணுகிறது. உள்ளத்தில் நிகழ்வது உடல்வழிப் புறத்தார்க்குப் புலப்படுவதே மெய்ப்பாடு. பிறர் கனவை நாம் ஒருபோதும் காண்பதில்லை. அதன் மெய்ப்பாட்டையே காண்கிறோம். மனிதனாயின் விழித்தபின் சொல்வான். நாய்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

அதனால் ஆய்வாளர் மூளையின் சுவடுகளைத் தேடினர். 2001இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கென்வே லூயியும் மேத்யூ வில்சனும், எலிகள் ஒரு பாதையில் ஓடியபோது மூளையில் தோன்றிய நரம்பியக்க வரிசை, விரைவிழி உறக்கத்தில் மீண்டும் தோன்றுவதைக் கண்டனர். 2017இல் ஹங்கேரிய ஆய்வுக்குழு ஒன்று, நாய்கள் முன்பே அறிந்திருந்த செயல்களுக்கு ஆங்கிலக் கட்டளைச் சொற்களைக் கற்பித்து, பின்னர் அவற்றின் உறக்க மூளையலைகளைப் பதிவுசெய்தது. புதிய சொல்லைக் கற்ற நாயின் மூளையலை, கற்காத வேளையிலிருந்து வேறுபட்டது. நாயும் புதுச்சொல்லை உறக்கத்திற்குள் எடுத்துச் செல்கிறது என்பது மொழியாசிரியர்க்கு இனிய செய்தியன்றோ!

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரமாகும். அதற்கு முன்பே அது உறக்கத்தில் இடைவிடாது துடிக்கிறது. எதையும் கண்டறியாத அக்குட்டி எந்தக் கனவைக் ‘காணும்’? ஆகவே எல்லாத் துடிப்பும் கனவாகாது. வளர்ந்த நாயைப் பற்றியும், ‘கனவு காண்கிறது’ என்று முடித்துக் கூறுவதினும் ‘கனவு காண்பதுபோல் தோன்றுகிறது’ என்பதே நாம் அறிந்த அளவிற்குப் பொருந்தும். அந்தப் ‘போல்’ நம் அறிவின் எல்லையைக் காட்டும் நேர்மையான சொல்.

சொற்றேர்வு சிலவேளை உயிரோடும் தொடர்புடையது. கனவுநிலை அசைவு விட்டுவிட்டு வரும் மெல்லிய உதறல். அழைத்தால் நாய் விழித்துக்கொள்ளும். உடல் முழுதும் விறைத்து, அழைத்தும் உணர்வின்றிக் கிடந்தால் அது வலிப்பாக இருக்கலாம். ‘உதறியது’ என்கிறோமா, ‘விறைத்தது’ என்கிறோமா என்பதைக் கொண்டே கால்நடை மருத்துவர் தம் முதற்கேள்வியை அமைப்பார்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர் ஏட்டில் வாய்பாட்டில் இல்லாத ஒரு வினைச்சொல்லைக் கண்டால், சிவப்பு மையைத் திறக்குமுன், “நீ என்ன பார்த்தாய்?” என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, மரபுச்சொற்களை மனத்தில் பதியுங்கள். அவற்றோடு, கண்டதையும் கேட்டதையும் அதற்குரிய சொல்லால் எழுதுங்கள். அன்று நான் அடித்த சொல்லை அம்மாணவனுக்குத் திருப்பித் தர இயலவில்லை. அதை இந்த அவையில் திருத்தி எழுதுகிறேன்: நாய் உறக்கத்தில் முனகியது. அது சரியான தமிழ்.