நீச்சல், சைக்கிள், ஓட்டம், அப்புறம் ஒரு ஃபைல்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சற்றே திருத்தப்பட்டது)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல இதுதான்: "புரோ, வெளிநாட்டுக்குப் போய் டிரையத்லான் பண்றது எப்படி இருக்கும்? நம்மால முடியுமா? எவ்வளவு ஆகும்?" மூணு கேள்விக்கும் இன்னிக்குச் சேர்த்தே பதில் சொல்லிடறேன். விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு அறிமுகம். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஊர் அபிஷேகப்பாக்கம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போற ரோட்ல தவளக்குப்பத்துல திரும்பி உள்ள வரணும். சிங்கிரிக்குடி நரசிம்மர் கோயிலுக்கு வந்திருக்கீங்கன்னா எங்க ஊர்ப் பக்கம் வந்திருக்கீங்க. வேலை போக மிச்ச நேரத்துல நீந்துறேன், சைக்கிள் ஓட்டுறேன், ஓடுறேன். இதுவரைக்கும் மூணு அரை அயர்ன்மேன் முடிச்சிருக்கேன்: கோவா, மலேசியாவுல லங்காவி, ஆஸ்திரியாவுல செல் ஆம் சே. நான் ஜெயிக்கிற ஆள் கிடையாது, முடிக்கிற ஆள். அதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

முதல்ல கணக்கு. முழு அயர்ன்மேன்னா 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியா 42.2 கிலோமீட்டர் ஓட்டம். வழக்கமா 17 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். அரை அயர்ன்மேன்ல எல்லாம் இதுல பாதி: 1.9, 90, 21.1. மைல்ல கூட்டினா 70.3 வரும், அதனாலதான் போட்டிப் பேர்லயே அந்த எண் இருக்கு. 1978 பிப்ரவரியில ஹவாய்ல முதல் அயர்ன்மேன் நடந்தப்ப கிளம்பினவங்க 15 பேர், முடிச்சவங்க 12 பேர். இன்னிக்கு இது உலகம் முழுக்க நடக்குது. நம்ம நாட்டுல கோவா போட்டி 2019ல ஆரம்பிச்சுது. கொழும்புல 2018ல ஆரம்பிச்சு சில வருஷம் நடந்துது.

இங்கேயிருந்து வெளிய போய் இதைச் செய்யணும்னு நினைக்கிறவங்க அனு வைத்தியநாதனைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். அவங்களும் இன்ஜினியர். நியூசிலாந்துல கேன்டர்பரி பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கினவங்க, காப்புரிமை சம்பந்தமா சொந்தமா ஒரு கம்பெனியும் நடத்தினவங்க. 2009ல கனடாவுல நடந்த அல்ட்ராமேன் போட்டியை முடிச்சாங்க. அது மூணு நாள் போட்டி: 10 கிலோமீட்டர் நீச்சல், ரெண்டு நாளா 420 கிலோமீட்டர் சைக்கிள், மூணாவது நாள் ரெண்டு மாரத்தான் தூர ஓட்டம். அப்ப இந்தியாவுல அயர்ன்மேன் போட்டியே கிடையாது. ஒவ்வொரு போட்டிக்கும் கடல் தாண்டியாகணும். 2016ல அவங்க எழுதின புத்தகத்துக்கு "எனிவேர் பட் ஹோம்"னு பேரு வெச்சாங்க. வீடு தவிர வேற எங்கயும்னு அர்த்தம். இந்த விளையாட்டை வெளியூர்ல விளையாடுற யாருக்கும் அந்தத் தலைப்பு சுருக்குன்னு படும்.

நான் சொல்ல வர்றது இதுதான். வெளிநாட்டு டிரையத்லான்ல கஷ்டமான பகுதி போட்டி நாள் இல்ல. அன்னிக்கு நீங்க பயிற்சி எடுத்ததைத்தான் செய்யப்போறீங்க. உண்மையான ஏற்ற இறக்கம் அதுக்கு முந்தின எட்டு மாசத்துல இருக்கு. நான் அதை நாலாப் பிரிச்சு வெச்சிருக்கேன்: தண்ணி, மேடு, பெட்டி, ஃபைல்.

தண்ணியில ஆரம்பிப்போம். நான் நீச்சல் கத்துக்கிட்டது பம்புசெட்டுத் தொட்டியிலயும் கிணத்துலயும். அப்புறம்தான் நகரத்து நீச்சல் குளம். கொஞ்சம் தைரியம் வந்ததும் நல்லவாடு பக்கம் மீனவ அண்ணன்கள் துணையோட கடல். நம்ம வங்கக் கடல் வருஷத்துல பாதி நாள் 28, 29 டிகிரி இருக்கும், வெந்நீர் மாதிரி. குளிருக்குப் போடுற ரப்பர் உடுப்பு இருக்குல்ல, வெட்சூட், அதைத் தண்ணி 24.5 டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் அயர்ன்மேன்ல என்னை மாதிரி சாதாரண ஆட்கள் எல்லாரும் போட்டுக்கலாம். அதாவது அந்த உடுப்பு தேவைப்படுற தண்ணியே எங்க ஊர்ல கிடையாது.

ஆல்ப்ஸ் மலை ஏரின்னா கோடையிலயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பழக்கமில்லாத உடம்பு சில்லுன்னு தண்ணிக்குள்ள போனதும் மூச்சு தானா இழுக்கும். வேகவேகமா, அடக்க முடியாம. ஒண்ணு ரெண்டு நிமிஷம் அப்படித்தான். அந்த நேரத்துல முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இதுக்கு நான் எடுத்த பயிற்சி சிம்பிள். மீன் இறங்குற இடத்துல ஐஸ் பார் வாங்கிட்டு வந்து, நீல டிரம்ல போட்டு, தினமும் காலையில முகத்தை முக்கி மூச்சை மெதுவா வெளிய விடுறது. அப்புறம் கழுத்து வரைக்கும் உள்ள உட்கார்றது. எங்கம்மா பார்த்துட்டு, "ஏன்டா, மீனு கெடாம இருக்க ஐஸ் போடுவாங்க. நீ எதுக்கு உன்னையே போட்டுக்கிற?"ன்னாங்க. தெருவே சிரிச்சுது. ஆனா செல் ஆம் சே ஏரியில இறங்குனப்ப அந்த டிரம்தான் கைகொடுத்துச்சு.

தண்ணியைச் சாதாரணமா நினைக்கக் கூடாதுங்கிறதுக்கு ஒரு பேர் சொல்றேன். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971ல பாக் நீரிணையைப் போகவர நீந்தினவர். அப்படிப்பட்டவர் 1984ல இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்கிற முயற்சியில உயிரையே விட்டாரு. நம்ம கடல்ல எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், வேற கடலுக்கு மறுபடி முதல்லயிருந்து மரியாதை கொடுக்கணும்.

அடுத்தது மேடு. எங்க பக்கம் முழுக்க வயக்காடு, பாகூர் ஏரி வரைக்கும் சமதரை. நான் தினம் ஓட்டுற ரூட்ல பெரிய ஏற்றம்னா சுண்ணாம்பாறு பாலம். சிரிக்காதீங்க, நிஜமாவே அதுதான்! செல் ஆம் சே போட்டியில சைக்கிள் பாதை ஃபில்சென்சாட்டல்னு ஒரு கணவாய் மேல ஏறுது, கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேல. அதுக்காக மாசத்துக்கு ஒரு தடவை ஏற்காடு போய் கொண்டை ஊசி வளைவுல ஏறி ஏறி இறங்கினேன். மத்த நாள் எதிர்காத்துதான் எனக்கு மலை. மத்தியானம் கடல் காத்து அடிக்கிறப்ப அதுக்கு எதிரா ரெண்டு மணி நேரம் மிதிச்சுப் பாருங்க, தொடைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா இறக்கத்துக்கு மட்டும் இங்க பயிற்சியே கிடையாது. ஏறுறதைவிட இறங்குறதுலதான் எனக்குப் பயம் அதிகம், இன்னிக்கும்.

மூணாவது பெட்டி. சைக்கிளைப் பிரிச்சு, பெடல் கழட்டி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சக்கரத்தைத் தனியா எடுத்துப் பெட்டிக்குள்ள அடுக்கணும். பின் கியரைத் தாங்கிப் பிடிக்க ஹேங்கர்னு ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கும். அடி பட்டா ஃபிரேம் உடையாம அது வளையணும்னே செஞ்சது. லங்காவி போனப்ப விமானத்துல என்ன நடந்துச்சோ, பெட்டியைத் திறந்தா அது வளைஞ்சு கிடந்துச்சு. கியர் மாறவே இல்ல. கையில உதிரி ஹேங்கர் இருந்ததால பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. உங்க சைக்கிள் மாடலுக்கான ஹேங்கர் ரெண்டு வாங்கிப் பையில போட்டுக்கோங்க. சில நூறு ரூபா சமாச்சாரம்தான், அது இல்லாம லட்ச ரூபாப் பயணமே நின்னு போயிடும்.

நாலாவதுதான் ஃபைல். விசா ஃபைல். இதைப் பத்தி யாரும் வெளிப்படையா பேசுறதில்ல, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

புதுச்சேரிக்காரங்களுக்கு இதுல ஒரு தனிக் கதை இருக்கு. பிரான்ஸோட போட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்னிக்கு நடைமுறைக்கு வந்துச்சு. இங்க பிறந்து இங்கயே இருந்தவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கலாம். எழுதிக் கொடுக்காதவங்க இந்தியர். அப்ப எழுதிக் கொடுத்த குடும்பங்களோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்ல பல பேர் கையில இன்னிக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை நம்ம ஊர்ல "சொல்தா"ன்னு சொல்வோம்ல, அந்த வீடுகள்லயும் நிறைய.

என்னோட சேர்ந்து பயிற்சி எடுக்கிற அண்ணன் ஒருத்தர் அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பேரன். ரெண்டு பேரும் காலையில நாலரை மணிக்கு ஒரே டீக்கடை வாசல்ல இருந்துதான் கிளம்புவோம். ஒரு வருஷம் ரெண்டு பேரும் ஒரே ஐரோப்பியப் போட்டிக்குப் பதிவு பண்ணினோம். அவர் டிக்கெட் போட்டார், கிளம்பினார். எனக்குச் சம்பளச் சீட்டு, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி விடுப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, காப்பீடு, போட்டிப் பதிவுக் கடிதம் எல்லாம் வேணும். கைரேகையும் கொடுத்தேன். மூணு வாரம் கழிச்சு பாஸ்போர்ட் திரும்பி வந்துச்சு, விசா இல்லாம. திரும்பி வருவேங்கிறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லையாம். அச்சடிச்ச படிவத்துல ஒரு கட்டத்துக்குள்ள டிக், அவ்வளவுதான். எட்டு மாசப் பயிற்சி, பதிவுக் கட்டணம், விசாக் கட்டணம் எதுவும் திரும்பல.

அண்ணன் மேல எனக்குப் பொறாமை வந்துச்சா? வந்துச்சு. அவர் ஃபினிஷ் லைன் போட்டோ அனுப்பினப்ப ஒரு நாள் முழுக்கப் பதில் போடல. அப்புறம் யோசிச்சா, அவரும் ஒண்ணும் வாங்கி வெச்சுக்கலையே. 1962ல அவங்க தாத்தா கையெழுத்துப் போட்டார், எங்க தாத்தா போடல. எங்க தாத்தாவுக்கு அன்னிக்கு நிலம் இங்க இருந்துச்சு, மாடு இங்க இருந்துச்சு. பேரன் ஒரு நாள் ஏரியில நீந்த ஆஸ்திரியா போவான்னு அவர் கனவா கண்டார்?

அதே மாசம் வீட்ல போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சு. விசாவுல போன காசு இருந்தா அதுல பாதியை அடைச்சிருக்கலாம். அப்பா எதுவும் கேட்கல. அது கேட்டதைவிடக் கஷ்டமா இருந்துச்சு. அன்னிலேருந்து ஒரு ஒழுங்கு வெச்சிருக்கேன். போட்டிக்குன்னு தனி அக்கவுன்ட். மாசாமாசம் அதுல போடுறதுதான் போட்டிக் காசு. வீட்டு அவசரத்துக்குன்னு வேற அக்கவுன்ட், அது நிரம்பாம போட்டிப் பதிவே கிடையாது. அதனால அடுத்த முயற்சிக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை ஃபைல்ல லங்காவி போயிட்டுத் திரும்பி வந்த முத்திரையும், வீட்டு நிலப் பத்திர நகலும் சேர்ந்துச்சு. விசா கிடைச்சுது.

"எவ்வளவு ஆகும்"னு கேட்டவங்களுக்கு என் கணக்கு: லங்காவிக்கு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஆச்சு. செல் ஆம் சேவுக்கு ரெண்டே முக்கால் லட்சம். சைக்கிள் விலை இதுல சேராது. எங்க அப்பா கேட்ட முதல் கேள்வி, "முடிச்சா எவ்வளவு குடுப்பாங்க?" ஒரு மெடல், ஒரு டி-ஷர்ட்டுன்னேன். "ரெண்டே முக்கால் லட்சத்துக்கு டி-ஷர்ட்டா?"ன்னார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்கிட்ட நல்ல பதில் இல்ல.

இவ்வளவு பள்ளம் சொல்லிட்டேன். மேடும் சொல்லணும்ல.

போட்டி நாள் நெஞ்சு நம்பர்ல நம்ம பேர் போட்டிருக்கும். பாதை ஓரத்துல நிக்கிற ஊர்க்காரங்க அதைப் படிச்சுக் கூப்பிடுவாங்க. தமிழ்ப் பேர் அவங்க வாயில படுற பாடு தனி. ஆனா கூப்பிடுவாங்க. ஓட்டத்துல பதினாறாவது கிலோமீட்டர் தாண்டி எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. நடந்தேன். அறுபது வயசு தாண்டின ஒரு பெண்மணி பக்கத்துல வந்து, எதுவும் பேசாம, என் வேகத்துக்கு ரெண்டு நிமிஷம் நடந்தாங்க. அப்புறம் கையால "வா"ன்னு காட்டிட்டு ஓடினாங்க. நானும் ஓடினேன். எட்டரை மணி நேரக் கெடுவுல 7 மணி 52 நிமிஷத்துல முடிச்சேன். அந்தப் பாதையில யாரும் என் பாஸ்போர்ட்டைக் கேட்கல. ஆரம்பக் கோடு வரைக்கும்தான் தாத்தாவோட கையெழுத்துக்கு மதிப்பு. அதுக்கு அப்புறம் தண்ணி எல்லாருக்கும் ஒரே சில்லு.

ராத்திரி வீடியோ கால்ல அப்பா கேட்டார், "எத்தனாவது?" நான் ஆயிரத்துச் சொச்சம்னேன். "உனக்குப் பின்னாடி ஆள் இருந்தாங்களா?" "இருந்தாங்கப்பா." "அப்ப சரி. சாப்ட்டியா?"

கடைசியா, போகலாமான்னு கேட்டவங்களுக்கு என் யோசனை. முதல்ல கோவா பண்ணுங்க. விசா வேண்டாம், கடல் நம்ம கடல் மாதிரியே வெதுவெதுன்னு இருக்கும். ரெண்டாவது லங்காவி மாதிரி நம்ம சூடும் புழுக்கமும் உள்ள இடம். உடம்பு புதுசா எதுவும் கத்துக்க வேண்டாம், பெட்டி கட்டுறதை மட்டும் கத்துக்கலாம், பாஸ்போர்ட்ல ஒரு முத்திரையும் சேரும். குளிர் ஏரியும் மலையும் மூணாவதா இருக்கட்டும். விசா தேதி கிடைக்கிறதைப் பார்த்துட்டு அப்புறம் போட்டியைத் தேர்ந்தெடுங்க. வீட்டு அவசரக் காசைத் தொடாதீங்க. ஐஸ் பார் மட்டும் நான் வாங்கித் தரேன், நல்லவாடு அண்ணன்கள் எனக்குத் தள்ளுபடியில தர்றாங்க.

அடுத்த எபிசோட்ல, வேலைக்குப் போய்க்கிட்டே வாரத்துக்கு பத்து மணி நேரம் பயிற்சியை எப்படி அடக்குறதுன்னு பேசுவோம். உங்க கேள்விகளை அனுப்புங்க.