லூனா அந்துப்பூச்சி

கனடாவின் தென்கிழக்கிலிருந்து ஃபுளோரிடா வரை, வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வாழ்கிறது லூனா அந்துப்பூச்சி. இளம்பச்சை நிறம், சிறகு விரித்தால் சுமார் 10 சென்டிமீட்டர். 1758-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டவர் லின்னேயஸ்.

வால்நட், ஹிக்கரி, பிர்ச் மர இலைகளில் பெண் முட்டையிடும். ஒன்றிரண்டு வாரத்தில் பொரியும் பச்சைப் புழு நான்கு முறை தோலுரித்து வளர்கிறது. எதிரி நெருங்கினால் தாடையை 'டக் டக்'கென்று தட்டும். அதற்கும் அசராவிட்டால் தின்றதைக் கக்கும். பின்பு இலையைப் பட்டிழையால் சுற்றிக் கூடு கட்டுகிறது. வடக்கே, பனிக்காலம் முழுவதும் தரையில் சருகோடு சருகாக அந்தக் கூடு கிடக்கும்.

சிறகடியில் உள்ள ரம்பப்பல் போன்ற முள்ளால் கூட்டைக் கிழித்துக்கொண்டு பூச்சி காலையில் வெளிவருகிறது. கசங்கிய சிறகு விரிந்து உலரச் சில மணி நேரமாகும். இதற்கு உண்ண வாயே வளர்வதில்லை! புழுப் பருவத்துச் சேமிப்பை வைத்து ஏறக்குறைய ஒரு வாரம் வாழும். நள்ளிரவுக்குமேல் பெண் விடும் வாசனையை, இறகு போன்ற உணர்கொம்புகளால் மோப்பம் பிடித்து ஆண் வந்துசேரும்.

பின்சிறகின் நீண்ட வால்கள் வெறும் அலங்காரமல்ல. எதிரொலியை வைத்து இரை தேடும் வவ்வாலை, சுழலும் வால்நுனி திசைதிருப்புகிறது. வவ்வால் வாலைக் கவ்வும், பூச்சி பறந்துவிடும். வால் அறுந்தாலும் பறப்பதற்குத் தடையில்லை.