பொன்னுக்கு வீங்கி
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று, இலக்கணமுமன்று. தமிழ் கற்பிப்பவனுக்கு நோயைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் ஐயுறலாம். கன்னம் வீங்கிய பிள்ளையொருவன் கழுத்திற் பொற்சங்கிலியோடு வந்து பலகையில் அமர்வதையும், இரண்டு மூன்று வாரங்கழித்து அவன் பக்கத்திலிருந்த பிள்ளைகள் வராமற் போவதையும் கண்முன் காண்பவன் ஆசிரியனே யாதலின், கண்டதைக் கூறுதல் என் கடனென்று கருதினேன். மருத்துவ நுட்பங்களை மருத்துவர்பாற் கேட்டும், அறிஞர் நூல்களிற் கற்றும் தெளிந்தே ஈண்டு உரைக்கின்றேன்.

இந்நோய்க்கு நம் நாட்டிற் பெயர்கள் பல. தாளம்மை, அம்மைக்கட்டு, புட்டாளம்மை என்பர். ஈழநாட்டார் கூகைக்கட்டு என்பர். எனினும் நம் வீடுகளிற் பெரிதும் வழங்குவது பொன்னுக்கு வீங்கி என்பதேயாம். பெயர் ஒரு பொருளைக் காட்டும் கருவி. அக்கருவியே வழி தவறக் காட்டுமாயின் விளைவது யாது? பொன்னை விரும்பி வீங்கியது என்று பெயர் சொல்லிற்று. நாமும் பொன்னைத் தேடி ஓடினோம். நோயோ பொன்னில் இல்லை, எச்சிலில் இருக்கின்றது. இதுவே யான் இன்று வற்புறுத்த வந்த கருத்து.

செவியின் முன்னும் கீழுமாக, இருபுறத்தும், உமிழ்நீர் சுரக்கும் கோளங்கள் இரண்டு உள்ளன. வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி அவற்றைப் பற்றுங்கால் அவை வீங்குகின்றன. முதலிற் காய்ச்சல், தலைவலி, சோர்வு, பசியின்மை ஆகியவை தோன்றும். பின்னர் ஒரு கன்னமும், ஓரிரு நாளில் மற்றொரு கன்னமும் வீங்கும். சிலர்க்கு ஒரு புறத்தோடு நின்றுவிடுதலும் உண்டு. மெல்லவும் விழுங்கவும் நோவும். புளிப்பை நாவில் வைத்தால் வலி மிகும்.

இந்நோய் பழமையானது. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகட்கு முன் தாசோஸ் தீவிற் செவியோரம் வீங்கிய நோய் விவரிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அதன் காரணம் 1934 ஆம் ஆண்டிலேதான் ஐயமறத் துணியப்பட்டது. அமெரிக்க நாட்டில் ஜான்ஸன், குட்பாஸ்சர் என்னும் இருவர், நோயாளரின் உமிழ்நீரைப் பாக்டீரியங்களும் புக முடியாத வடிகட்டியில் வடித்துக் குரங்குகளுக்குச் செலுத்தினர். குரங்குகளுக்கும் அந்நோயே வந்தது. உமிழ்நீரே நோயைச் சுமப்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அது பரவும் வகை கேண்மின். நோயுற்றவர் இருமும்போதும், தும்மும்போதும், நெருங்கிப் பேசும்போதும் தெறிக்கும் நுண்டுளிகளாலும், எச்சிற்பட்ட குவளை முதலியவற்றாலும் கிருமி பிறரை அடைகின்றது. அடைந்தவுடனே நோய் வெளிப்படுவதில்லை. பெரும்பாலும் 16 முதல் 18 நாளும், சிலபோது 12 முதல் 25 நாளும் கழித்தே வெளிப்படும். அதனாலேயே எங்கே பெற்றோம் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். மேலும், வீக்கம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்னரே பிள்ளை பிறர்க்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றான். தோன்றிய பின் ஐந்து நாள் வரை கொடுக்கின்றான். சிலர்க்கு வீக்கமே தோன்றாது, அவர்களும் பரப்புவர்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். சங்கிலி அணிந்த பிள்ளைக்கு வீக்கம் வடிந்தது உண்மை. அணியாத பிள்ளைக்கும் வடிந்தது என்பதும் உண்மை. ஒரு வாரம், பத்து நாளில் இந்நோய் பெரும்பாலும் தானே தணியும் இயல்பினது. காக்கை உட்காரப் பனம்பழம் வீழ்ந்த கதையே இஃது என்க.

அணிந்தால் குற்றமென்ன என்று நம் பாட்டிமார் வினவுவர். பொன்னாற் குற்றமில்லை, பொன்னை நம்பி வாளாவிருத்தலாற் குற்றமுண்டு. நம் சமூகத்திற் செல்வரும் உளர். நாட்கூலியாற் பிழைப்பாரும் உளர். பொன்னில்லாத தாய், நோயுற்ற பிள்ளையை இடுப்பிற் சுமந்துகொண்டு, உறவினர் வீட்டு வாயிலில் நின்று சங்கிலி இரவல் கேட்கின்றாள். அவள் முகத்து நாணத்தை எண்ணிப் பாருங்கள்! அவ்வீட்டுக் குழந்தைகளோடு அப்பிள்ளை விளையாடிய அரைமணி நேரத்தையும் எண்ணிப் பாருங்கள்! சங்கிலி அவர்களிடமிருந்து வந்தது. நோய் அவர்களிடம் சென்றது.

என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றையும் மறையாது கூறுகின்றேன். சொல்வதெழுதுதலில் ஒரு மாணவன் ஓயாது பிழை செய்வான். கவனமில்லாதவன் என்று பன்முறை கடிந்தேன். ஒருநாள் அவனுடைய இடப்புறம் நின்று அழைத்தேன், திரும்பவில்லை. வலப்புறம் வந்து அழைத்தேன். உடனே எழுந்து நின்றான். செவி மருத்துவர் ஆராய்ந்து, இடச்செவி முற்றும் கேளாதென்றும், முந்திய ஆண்டு வந்த பொன்னுக்கு வீங்கியே காரணமாதல் கூடுமென்றும், போன செவி மீளாதென்றும் கூறினார். சங்கிலி அணிவித்தோம், வீக்கம் வடிந்தது, ஆதலின் அமைந்திருந்தோம் என்றனர் பெற்றோர். செவியைப் பறித்தது நோய். அதன்மேல் வசையையும் சுமத்தியவன் யான். அவ்வருத்தமே என்னை இம்மேடைக்கு அழைத்து வந்தது.

இத்தகைய கேடு எல்லார்க்கும் வருவதன்று, மிக அரிதே. ஆயினும் வந்தால் நிலைத்துவிடும். மூளையைச் சூழ்ந்த உறை அழற்சியுறுதலும் உண்டு. பருவமெய்திய ஆண்மக்களை இந்நோய் பற்றினால், தடுப்பூசி பெறாதார் சிலர்க்கு விதை வீங்கிப் பெருநோவு உண்டாகும். அதனால் மகப்பேறு முற்றும் அற்றுப்போதல் அரிதேயாம். கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு, செவி கேளாமை, வயிற்றுநோவு, விதை வீக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்க்காது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

நோயைக் கொல்லும் தனி மருந்து இல்லை. ஓய்வு, வேண்டிய அளவு நீர், கஞ்சி போன்ற மெல்லுணவு, குளிர்ந்த அல்லது இளஞ்சூடான ஒற்றடம், மருத்துவர் கூறும் அளவிற் காய்ச்சல் மருந்து ஆகியவை போதும். ஆஸ்பிரின் என்னும் மாத்திரையைக் குழந்தைகட்குத் தாமாகக் கொடுத்தலாகாது. வேப்பிலை கட்டி அம்மனை வழிபடுவோர் வழிபடுக. வழிபாட்டோடு மருத்துவரையும் நாடுக.

வருமுன் காக்கும் வழி ஒன்றுண்டு, அது தடுப்பூசி. அதன் வரலாறும் ஒரு தந்தையின் வரலாறே. 1963 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மாரிஸ் ஹில்மன் என்பாரின் ஐந்து வயது மகள் ஜெரில் லின்னுக்கு இந்நோய் வந்தது. அவர் அவள் தொண்டையிலிருந்து கிருமியை எடுத்து, வலி குன்றச் செய்து, தடுப்பூசி ஆக்கினார். 1967 ஆம் ஆண்டில் அது வழக்கிற்கு வந்தது. அதற்கு முன் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,86,000 பேருக்கு நோய் கண்டதாகப் பதிவாயிற்று. பின்னர் அத்தொகை நூற்றுக்கு 99 பங்கு குறைந்தது.

இங்கே பெற்றோர் ஒன்றை நன்கு கவனிக்க. 2017 ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரசினர் போட்ட ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கிக்கு உரிய மருந்து அதில் இல்லை. மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி வேறு. ஒன்பதாம் மாதம், பதினைந்தாம் மாதம், நான்கு முதல் ஆறு வயதுக்குள் என மூன்று முறை அதனைப் போடுமாறு இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தார் அறிவுறுத்துகின்றனர். தங்கள் பிள்ளை பெற்றது எந்த ஊசி என்பதை அட்டையைப் பார்த்து மருத்துவரிடம் கேட்டறிக.

சங்கத்தாரிடம் யான் வேண்டுவன மூன்று. வீக்கம் கண்ட பிள்ளையை ஐந்து நாள் பள்ளிக்கும், திருமணத்திற்கும், திருவிழாவிற்கும் அனுப்பாதிருக்க. நோயை மறையாது ஆசிரியருக்கும் அயலாருக்கும் அறிவிக்க. இரவற் சங்கிலி கொடுக்கும் செல்வர், அதற்கு மாறாக அவ்வேழைப் பிள்ளையின் ஊசிக்குப் பொருளுதவி புரிக. கொடுத்த சங்கிலி திரும்பி வரும். கொடுத்த உதவியோ அப்பிள்ளையின் செவியில் நிலைத்திருக்கும்.