தண்ணீர்க் கணக்கைத் தமிழில் கேளுங்கள்



கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் புதுவாயலில் நின்று இவன் நெய்வேலியைப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். சென்னை வறண்ட கோடைகளில் நெய்வேலிச் சுரங்கத் தண்ணீரைக் குடித்தது. கும்மிடிப்பூண்டி ஆலைகள் ஓடும் மின்சாரத்திலும் அந்த மண்ணுக்குப் பங்குண்டு. அங்கே நடப்பதைக் கேட்க நமக்குக் கடமை இருக்கிறது.

2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்து மேல்வளையமாதேவியில் நடந்ததை டிவியில் பார்த்தோம். சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் வெட்ட, பச்சை நெல் வயலில் பொக்லைன் இறங்கியது. நிலத்தை எப்போதோ எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று என்றது சுரங்க நிறுவனம். சரி, அத்தனை வருஷம் பொறுத்தவர்களுக்கு ஓர் அறுவடை வரை பொறுக்க முடியவில்லையா? பிறகு உயர் நீதிமன்றம் தலையிட்டு, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

அழிந்த பயிர் கண்ணுக்குத் தெரிந்தது; வழக்குப் போட முடிந்தது. தெரியாமல் நடப்பதுதான் என் கவலை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கி உடையும். 1961இல் அந்தப் படுகையை முதலில் எட்டியதிலிருந்து இறைப்பு ஓயவில்லை. அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனமாகிறது, நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு குழாய் இறக்கினால் தானாகப் பீறிட்ட ஊர்களில் இன்று மோட்டார் இல்லாமல் சொட்டு கிடைக்காது. சுரங்கம் நகர நகர, இறைப்பும் புதிய ஊர்களை நோக்கி நகரும்.

இதையெல்லாம் முன்கூட்டியே கேட்கத்தான் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை பொது விசாரணை வைத்தது. விசாரணைக்கு முன் முப்பது நாள் அவகாசம் தர வேண்டும். ஆனால் தமிழில் கிடைப்பது திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் மட்டும். எந்தக் கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடி இறங்கும் என்பது முழு அறிக்கையின் ஆங்கிலப் பக்கங்களில் கிடக்கும். இது எனக்கு ஏற்புடையதல்ல. பாதிக்கப்படுகிறவன் படிக்க முடியாத அறிக்கையை வைத்து விசாரணை நடத்துவது வெறும் சடங்கு.

நம் ஊரில் சவுடு மண் அள்ளிப் போன லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்த நமக்கு அவர்கள் வலி புரியாதா? நம் பக்கம் எந்தப் பெரிய திட்டத்துக்கு விசாரணை அறிவிப்பு வந்தாலும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். முழு அறிக்கையையும் கேளுங்கள். தண்ணீர் அத்தியாயத்தைத் தமிழில் தரச் சொல்லுங்கள். எந்தக் கிணறுகளை யார் அளப்பார், அளவை எந்தப் பலகையில் எழுதிப் போடுவார் என்று மனுவில் கேளுங்கள். மைக்கில் பேசினால் மட்டும் போதாது. எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.